சுண்ணாம்பு காயாத சுவர்

நம் துறைமுகத்தில் நிதி கேட்டு எழுதும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எனக்குப் பிறகு அந்த நாற்காலிகளில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். இருந்தாலும் அந்த மேஜையில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் என் ஆட்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். போன மாதம் உங்களில் இருவர் ஆவடிக்கு என் வீடு தேடி வந்து, டெல்லிக்காரர்கள் மறுக்க முடியாதபடி ஒரு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். நானும் காபி ஆறும்வரை என்னென்னவோ சொன்னேன். நீங்கள் போன பிறகுதான், முக்கியமானதை விட்டுவிட்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வேலையில் அழகாக எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் தோற்றுப்போயிருக்கிறார்கள். எங்கள் துறைமுகமும் ஒரு வருஷம் அப்படித் தோற்கத்தான் இருந்தது. காப்பாற்றியது என் எழுத்து இல்லை. ரயிலைப் பிடிக்க அவசரமாக வந்த ஜனங்களும், வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு காவலரும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கன்டெய்னர் பெட்டிகள் வந்து குவிய ஆரம்பித்து, கடலோரத்தில் வைக்க இடம் இல்லாமல் போனது. ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி, ஒரு பெரிய பொட்டலைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து அடுக்கிவிட்டு, பிறகு அம்பத்தூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவோம். யார்டு என்று பெயர். உப்புக் காற்றும் இல்லை, அலையும் இல்லை. எருமை மாடுகள் மட்டும் சுற்றி மேயும். ஆனாலும் காகிதத்தில் அதுவும் துறைமுகம்தான்.

என் கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அதனால் யார்டு சம்பந்தப்பட்ட எழுத்து வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. "உங்க வீட்டுப் பக்கம்தானே வசந்தா" என்று சொல்லியே கட்டிவிட்டார்கள். வீட்டுப் பக்கம் என்றால் பெண்பிள்ளைக்கு வேலை கூடும், குறையாது. தலைமை அலுவலகத்துக்கும் ரயிலேற வேண்டும், யார்டுக்கும் ஓட வேண்டும்.

யார்டின் பின்பக்கம் ஒரு காலனி. முன்பக்கம் ரயில்வே ஸ்டேஷன். நடுவில் எங்கள் பொட்டல். நாங்கள் வருவதற்கு முன்னால் காலனிக்காரர்கள் அந்தப் பொட்டலைக் குறுக்கே கடந்துதான் ரயிலுக்குப் போவார்கள். நாங்கள் வந்து சுற்றிலும் சுவர் எழுப்பினோம். அவர்கள் பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடித்து, அந்த வழியாக உள்ளே வந்து, கூட்ஸ் வண்டி வரும் வாசல் வழியாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். நாங்கள் அடைப்போம், அவர்கள் இடிப்பார்கள். ஒரு கட்டத்தில் எங்களுக்கு அலுத்துப்போனது. தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், பூக்காரிகள், கல்லூரிப் பெண்கள் என்று ஊரே அதில் புழங்கியது. சாலையைச் சுற்றிக்கொண்டு போனால் வண்டி போய்விடும். அவர்கள் மேலும் தப்புச் சொல்ல முடியாது.

அந்தக் குறுக்கு வழியைப் பயன்படுத்தாத ஒரே ஆள், அதைக் காவல் காத்த காதர் பாய். பூந்தமல்லிக்காரர். ஆவடிவரை பஸ், அங்கிருந்து ரயில், ஸ்டேஷனிலிருந்து எங்கள் மெயின் கேட்டுக்குச் சாலையைச் சுற்றிக்கொண்டு நடை. கூட்ஸ் வாசல் வழியாக வந்தால் வேர்வை சிந்தாமல் உள்ளே வந்துவிடலாமே பாய் என்று ஒருமுறை கேட்டேன். "நான் நிறுத்துற வழியில நானே வந்தா நல்லாவா இருக்கும் மேடம்?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் காலை, ஒரு பெட்டியின் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே இருந்த சரக்கில் பாதியைக் காணோம். அன்றைக்கு முந்தைய இரவுப் பணி காதர் பாயுடையது. யார்டின் இந்தக் கோடியில் அவர் நின்றால் அந்தக் கோடி தெரியாது. விளக்குகளில் பாதி எரியாது. சுவரில் ஓட்டை. இதையெல்லாம் அவர் வாயாலும் சொல்லியிருக்கிறார், எழுதியும் கொடுத்திருக்கிறார். ஆனால் சரக்கு போனால் யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டுமே. பணியில் தூங்கிவிட்டார் என்று குற்றம் சாட்டி, அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, விசாரணை போட்டார்கள்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நானோ அவருடைய மேலதிகாரி இல்லை. ஆனால் யார்டு காகிதங்கள் என் கையில் இருப்பதால் என்னிடம் வந்திருந்தார். உட்காரவே மாட்டேன் என்றவரை என் கணவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மூத்த பெண்ணை வேலப்பன்சாவடியில் கல்லூரியில் சேர்த்திருப்பதைச் சொன்னார். கடைத்தெருவில் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பதைச் சொன்னார். வேலைக்கு ஏதாவது சிபாரிசு கேட்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வேலை போனாகூட பரவால்ல மேடம். தூங்கிட்டேன்னு எழுதிகீறாங்க. நான் தூங்கல" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

 இருபது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதும்போதும் அந்தச் சொற்கள் அப்படியே காதில் இருக்கின்றன.

அதே சமயத்தில்தான் டெல்லியிலிருந்து ஒரு திட்டம் வந்தது. துறைமுகங்களின் பாதுகாப்பை மேம்படுத்த மானியம். நம்முடைய பங்கு எதுவும் போட வேண்டியதில்லை. நல்ல காரணம் காட்டும் துறைமுகங்களுக்குக் கிடைக்கும், மற்றவை அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் எழுதும் வேலை எனக்கு.

நான் யார்டைப் பற்றித்தான் முதலில் எழுதினேன். பின்சுவர் உடைந்திருக்கிறது, அதன் வழியாகத் திருட்டு நடந்திருக்கிறது என்று ஒரு வரி. எங்கள் தலைமை அதிகாரி அதைப் பச்சை மையால் அடித்தார். அவர் கெட்டவர் இல்லை. துறைமுகத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர், அதற்கு ஒரு சின்ன அவப்பெயர்கூட வரக்கூடாது என்று நினைப்பவர். திருட்டுப் போகிற இடம் என்று நாமே எழுதிக்கொடுத்தால் மற்ற துறைமுகங்கள் சிரிக்காதா என்று கேட்டார். நவீனப்படுத்துதல், ஒருங்கிணைத்தல், உலகத்தரம் என்றெல்லாம் எழுதச் சொன்னார். நான் வாதாடினேன். தோற்றேன். கடைசியில் போன விண்ணப்பத்தைப் படித்தால், கை மாற்றுக் கேட்கப் போகிறவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

அந்த வரியை அடித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சுவர்தான் காரணம் என்று டெல்லிக்கு எழுதிவிட்டு, இங்கே காவலர் தூங்கியதுதான் காரணம் என்று எப்படி விசாரிப்பது?

எப்படியோ முதல் சுற்றில் தேறிவிட்டோம். ஒரு கமிட்டி நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கடலோரத்தை முதல் நாள் பார்த்துவிட்டு, மறுநாள் காலை யார்டுக்கு.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே தெரிந்திருக்கும். 'விசிட்' என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. சாலைப் பள்ளத்தில் மண் விழும். ஓரத்தில் பிளீச்சிங் பவுடரால் கோடு விழும். வாடிய செடி இருந்த இடத்தில் பூத்தொட்டி வந்து நிற்கும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவிவிடுவதைப் போல, அது தானாக நடக்கும்.

அன்றைக்குக் காலை நான் வீட்டிலிருந்து நேராக யார்டுக்குப் போனேன். கமிட்டி வர இன்னும் நேரம் இருந்தது. கேட்டில் வாழைமரம் மட்டும்தான் கட்டவில்லை. உள்ளே போனால், எங்கள் எரியாத விளக்குக் கம்பங்களில் எல்லாம் புதுக் குழல் விளக்குகள். ஆவடியில் கல்யாணப் பந்தல் போடுகிறவரிடம் வாடகைக்கு வாங்கியது என்று பிறகு தெரிந்தது. காவலர்கள் கூடுதலாகத் தெரியட்டும் என்று தோட்டக்காரர் ஒருவருக்குக் காக்கிச் சட்டை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். சட்டைப் பையின் மேல் பெயர் வில்லையில் காதர் பாட்சா என்று இருந்தது. பின்பக்கம் போனேன். ஓட்டையைக் காணோம். சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளை வெளேர் என்று நின்றது. சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது.

யார்டு பொறியாளர் முத்தையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரை ரசித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பூச்சிக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க முத்தையா? சுவர் கட்டப் பணம் கேட்கிறோம். சுவரைக் கட்டிக் காட்டினா எதுக்குத் தருவாங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "என்ன மேடம் நீங்க, டெல்லியிலேர்ந்து வாராங்க. வீட்டுக்கு ஆளு வந்தா கிழிஞ்ச பாயையா விரிப்போம்?" என்றார். ஆட்களை வைத்து முதல் நாள் சாயங்காலம்தான் முடித்தாராம். செங்கல் இன்னும் ஈரம், சாய்ந்துவிடாதீர்கள் என்று எனக்கே எச்சரிக்கை வேறு.

அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் வாயில் வந்ததைத்தானே என் விண்ணப்பமும் வேறு சொற்களில் சொல்லியிருந்தது. இடித்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் கேட்டுப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

கமிட்டியின் தலைவர் வடக்கத்திக்காரர். வயதானவர், அதிகம் பேசாதவர், வெயிலுக்குத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தலைமை அதிகாரி அவரைச் சுற்றிக்காட்டினார். விளக்குகளைப் பார்த்தார், காவலர்களைப் பார்த்தார், கடைசியாகப் பின்சுவருக்கு வந்தார். மிகவும் நன்றாகப் பராமரிக்கிறீர்கள் என்று பாராட்டினார். முத்தையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.  பாராட்டிய அதே மூச்சில், இவ்வளவு நன்றாக இருக்கும் இடத்துக்கு மானியம் எதற்கு, இதைவிட மோசமான துறைமுகங்கள் வரிசையில் நிற்கின்றனவே என்றார்.

தலைமை அதிகாரி உலகத்தரம் என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, சுவரின் மேல் வழியாக ஒரு சாப்பாட்டுப் பை பறந்து வந்து எங்கள் காலடியில் விழுந்தது.

பிறகு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்கள். ஒரு ஆள் உரக்கச் சொன்னான்: "இன்னாபா இது, நேத்து இங்க வழி இருந்துச்சு. இன்னிக்கு செவுரு கீது." வண்டி வந்துவிடப் போகிறது, ஏறு என்று ஒரு பெண் குரல் அவனை விரட்டியது. சுவரின் விளிம்பில் இரண்டு கைகள் தெரிந்தன, பிறகு எண்ணெய் வைத்து வாரிய ஒரு தலை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரு குரல் அதட்டியது. "யாரும் ஏறாதீங்க. எறங்கு நைனா. சுத்திகினு போ. இது துறைமுகத்து எடம்."

காதர் பாய். அவருக்கு அன்றைக்கு யார்டு ஆபீஸில் விசாரணை. கமிட்டி வருவதால் அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அதை அவருக்குச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வழக்கம்போல் சாலையைச் சுற்றிக்கொண்டு மெயின் கேட்டுக்கு வந்தவரை, பெரிய மனிதர்கள் கண்ணில் படாமல் சுவருக்கு வெளியே பின்பக்கம் போய் நில் என்று கேட்டிலிருந்தவர்கள் அனுப்பியிருக்கிறார்கள்.

சுவரில் தொங்கிக்கொண்டிருந்தவன் சிரித்தான். "பாய், உன்னையே வெளிய தொர்த்திட்டாங்க. நீ இன்னாத்துக்கு இன்னும் காவல் காக்குற?"

"அது வேற, இது வேற. எறங்கு."

அவன் இறங்கவில்லை. ஈரச் செங்கல்தான் இறங்கியது. அவன் கைக்கடியில் ஒரு வரிசை சரிந்து, அதன் பின்னால் இன்னொன்று சரிந்து, பழைய ஓட்டை இருந்த இடத்தில் பழைய ஓட்டையே வந்துவிட்டது. புழுதி அடங்கியபோது, அந்தப் பக்கம் உடம்பெல்லாம் சுண்ணாம்போடு அந்த ஆள். அவன் பின்னால் டிபன் கேரியர்களும் பூக்கூடையும் புத்தகங்களுமாக ஒரு கூட்டம். அவர்கள் எல்லாருக்கும் முன்னால், சட்டையும் கைலியுமாக, இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு காதர் பாய். எங்களைப் பார்த்ததும் கைகளைக் கீழே இறக்கினார். அவர் பார்வை தோட்டக்காரர் போட்டிருந்த தன்னுடைய சட்டையில் போய் நின்றது.

 கமிட்டித் தலைவர், இவர்கள் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று பொதுவாகக் கேட்டார். உள்ளூர் ஜனங்கள், சின்னத் தகராறு, ஒன்றுமில்லை என்றார் எங்கள் அதிகாரி. தலைவர் என்னைப் பார்த்தார். நான்தான் அங்கே ஒரே பெண். வாயைத் திறக்காமல் நின்ற ஆளும் நான்தான்.

பிள்ளைகளே, யோசிக்க நேரம் கிடைக்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தான். அன்றைக்கு எனக்கு நேரம் இல்லை. என் அதிகாரி பக்கத்தில் நிற்கிறார். ஒன்றுமில்லை என்று அவர் சொல்லியாகிவிட்டது. நானும் அதையே சொன்னால் என் வேலைக்கு எந்தச் சேதமும் இல்லை.  ஆனால் என்ன சொன்னார்கள் என்றுதானே கேட்கிறார், சொன்னதைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். நேற்று இங்கே வழி இருந்தது, இன்று சுவர் இருக்கிறது என்கிறார்கள். ஏறாதே, இது துறைமுகத்தின் இடம் என்கிறார் அவர். உன்னையே வெளியே துரத்திவிட்டார்கள், இன்னும் எதற்குக் காவல் காக்கிறாய் என்கிறான் இவன்.

தலைவர் கைக்குட்டையைத் தலையிலிருந்து எடுத்தார். ஏன் துரத்தினீர்கள் என்று கேட்டார்.

அதற்கும் நானே பதில் சொன்னேன். இந்த வழியாகத் திருட்டு நடந்தது, அன்றைக்கு இவர் பணியில் இருந்தார், தூங்கிவிட்டார் என்று விசாரணை நடக்கிறது, தூங்கவில்லை என்று இவர் சொல்கிறார், நான் நம்புகிறேன் என்றேன். சுவர் நேற்றுக் கட்டியது, விளக்கு வாடகைக்கு எடுத்தது என்பதையும் சேர்த்தேன். முத்தையா தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. காலனிக்காரர்கள் எல்லாரும் காதர் பாய் முகத்தையே பார்த்தார்கள். அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். கமிட்டித் தலைவர், அவர்களைப் போகச் சொல்லுங்கள், வேலைக்கு நேரமாகிறது என்றார். ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி வைத்து, எங்களைக் கடந்து ஓடினார்கள். சுண்ணாம்பு ஆள் தன் சாப்பாட்டுப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

பிறகு யார்டு ஆபீஸில் உட்கார்ந்து, உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தலைவர் கேட்டார். என் அதிகாரி கையிலிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். கோபமா, சங்கடமா என்று தெரியவில்லை. நான் முதலில் அந்த ஜனங்களுக்கு ஒரு பாதை வேண்டும் என்றேன். சுவருக்கு வெளியே, காலனியிலிருந்து ஸ்டேஷன்வரை, விளக்கோடு. துறைமுகப் பாதுகாப்புக்கு வந்த பணத்தில் ஊருக்குப் பாதையா என்று கமிட்டியில் ஒருவர் முகம் சுளித்தார். நான் சொன்னேன்: "சார், அவங்க திருடங்க இல்லை. ஆனா அவங்களுக்கு வழி இல்லாதவரைக்கும் எந்தச் சுவரும் நிக்காது. அவங்க இடிச்ச வழியிலதான் திருடன் வர்றான்." பாதைக்குப் பிறகுதான் சுவர், அதற்குப் பிறகுதான் விளக்கு, கூடுதல் காவலர்கள், மற்றவை. தலைவர் எழுந்தார். போகும்போது காதர் பாய் நின்ற பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு என் அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் யாருக்கு வேலை செய்கிறீர்கள்? துறைமுகத்துக்குத்தான் சார் என்றேன். அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். வேலை போகலாம், எங்கேயாவது மாற்றலும் வரலாம் என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "மன்னிச்சுக்கோ. அந்தச் சாப்பாட்டுப் பை வந்து விழுந்ததை நெனச்சேன்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்குச் சிரித்திருக்காவிட்டால் அடுத்து வந்த வாரங்களைத் தாண்டியிருக்க மாட்டேன்.

வாரங்கள் ஓடின. டெல்லியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆபீஸில் சிலர் என்னோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். கையில் வந்த மானியத்தைக் கெடுத்தவள் என்று பேச்சு. முத்தையா மட்டும் யார்டிலிருந்து போன் செய்து, சுவரில் ஓட்டை நன்றாக இருக்கிறது மேடம், யாரும் தொடவில்லை என்று தவறாமல் தகவல் சொல்வார். காதர் பாயின் விசாரணையைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். முடிவு தெரியாமல் இழுக்கப்படுவதே பெரிய தண்டனை. அவரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மானியம் கிடைத்துவிட்டது என்றார். பாதை உள்பட, கேட்டது அனைத்தும். எனக்கு அவர் எதிரிலேயே கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை என்றார். விண்ணப்பத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் கேட்டிருந்தார்கள். திருட்டு நடந்ததையும் அதன் காரணத்தையும் துறைமுகமே ஒப்புக்கொண்டு எழுத வேண்டும், அவர் கையெழுத்தோடு.

"நான் அடிச்ச வரியைத்தான் கேட்கிறாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்தான் காரணம் என்று நான் கையெழுத்துப் போட்டால், அந்தக் காவலரின் விசாரணையை என்ன செய்வது என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டார்.

ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும் சார் என்றேன்.

பிறகு ஜன்னலிலிருந்து திரும்பி, விசாரணை ரத்து, உடனே பணியில் சேர உத்தரவு தயார் செய்யுங்கள் என்றார். நான் நகரவில்லை. அவர் தூங்கவில்லை என்று அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். வேலையே திரும்பக் கிடைக்கிறதே, அது எதற்கு என்றார். அவருக்கு வேண்டியதே அது ஒன்றுதான் என்றேன். அவர் அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அதே பச்சை மையால் தானே அந்த வரியை எழுதினார். நான் அந்த மனிதரை அதற்குப் பிறகு ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. தன் கையெழுத்தைத் தானே திருத்துகிற அதிகாரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

பாதை வேலை முத்தையாவிடம் போனது. ஆசை ஆசையாகப் போட்டார். விளக்குக் கம்பங்களின் அடிப்பாகத்துக்கெல்லாம் வெள்ளை அடிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. சுவர் எழுந்ததும் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: "இந்தத் தடவை காயட்டும் மேடம். காயறதுக்கு முன்னாடி யாரையும் கூப்பிட்டுராதீங்க."

எல்லாம் முடிந்து பாதையைத் திறந்த நாளன்று ரிப்பனும் இல்லை, பேச்சும் இல்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டோம், அவ்வளவுதான். புதுச் சட்டையில் காதர் பாய் மெயின் கேட்டில் நின்றிருந்தார். அவருக்குப் பணி முடியும் நேரம். ரயில் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கி, பழைய பழக்கத்தில் கூட்ஸ் வாசலைப் பார்த்துத் திரும்பி, விளக்கைப் பார்த்ததும் தயங்கி நின்று, பாதைக்குள் நடந்தார்கள். முதலில் கல்லூரிப் பெண்கள், பிறகு எல்லாரும். ஒருவர்கூடச் சுவரைத் தொடவில்லை.

பாதை மெயின் கேட்டை ஒட்டித்தான் போகிறது, நானும் அந்த வழியில் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். வாங்க பாய் என்றேன். சாலைப் பக்கம் திரும்பப் போனவர் நின்றார். பாதையின் வாயில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, புது வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதுபோல் அடி வைத்தார். எதிரே வந்துகொண்டிருந்த கூட்டத்தில் அந்தச் சுண்ணாம்பு ஆளும் இருந்தான். பாய் காவலில் நின்றபோதெல்லாம் அவரைக் கண்டால் ஓடி ஒளிந்தவன், இப்போது நடு வழியில் நின்றான்.

"இன்னா பாய், முழிச்சிகினு கீறியா?"

நான் பதறிப்போய்க் காதர் பாய் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பவுமே முழிச்சிகினுதான் கீறேன் நைனா" என்றார்.